பாரமான மணிக்கூடு: கையில் எங்கே கரைச்சல் என்று பார்த்துத் திருத்துவது

“அண்ணை, இதைக் கட்டிக்கொண்டு திரிய ஏலாது. விற்கவும் ஏலாது, மாமா தந்தது.”

ஆடி, ஆவணியில் கிழமைக்கு ஒருவராவது என் மேசைக்கு முன்னால் நின்று இப்படிச் சொல்வார். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மேசை விளக்கு, இரண்டு கதிரை. இதுதான் என் கடை. பற்றரி மாற்றுவதும் பட்டி குறைப்பதும் அன்றாடத் தொழில். சுவிஸிலும் கனடாவிலும் பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் உறவுகள் வந்து இறங்குவார்கள். அவர்களோடு பெரிய பெரிய மணிக்கூடுகளும் வரும். திரும்பிப் போகும்போது சிலது மருமகன் கையில் தங்கிவிடும். குளிரூட்டிய கடையில் நின்று ஐந்து நிமிடம் கட்டிப் பார்த்து வாங்கிய சாமான், இங்கே கொதிக்கிற வெயிலில், மோட்டார் சைக்கிள் பிடித்த கையில், காலையிலிருந்து பொழுது படும் வரை இருக்க வேண்டும்.

வருகிறவர்கள் எல்லாரும் பாரத்தைத்தான் குறை சொல்வார்கள். நான் உடனே ஒத்துக்கொள்வதில்லை. பட்டியில் ஒரு துண்டைக் கழற்றி, பூட்டைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தால், அதே பாரத்தோடு சிரித்துக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். எவ்வளவு கழற்றினாலும் சரிவராத கையும் உண்டு. எது எந்த வகை என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

முதலில் நூல், அடிமட்டம், தராசு

மணிக்கட்டைச் சுற்றி ஒரு நூலைச் சுற்றி அளந்தால் சுற்றளவு வரும். பட்டி வாங்க அது போதும். மணிக்கூடு பொருந்துமா என்று பார்க்க இன்னோர் அளவு வேண்டும். கையை மேசையில் கவிழ்த்து வைத்து, மணிக்கட்டின் மேற்பக்கம் தட்டையாக இருக்கும் அகலத்தை மட்டும் அடிமட்டத்தால் அளவுங்கள். ஓரங்கள் கீழே வளையத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஒரே சுற்றளவுள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு மணிக்கட்டு பலகை போல இருக்கும், மற்றவருக்கு உலக்கை போல உருண்டு இருக்கும். உலக்கைக் கைக்காரருக்குப் பெரிய மணிக்கூடு எப்போதுமே கொஞ்சம் கரைச்சல்தான்.

அடுத்தது மணிக்கூட்டின் நீளம். விற்கிறவர்கள் 44 மில்லிமீட்டர், 46 மில்லிமீட்டர் என்று சொல்வது உடம்பின் குறுக்களவை. பட்டியைப் பிடிக்க மேலும் கீழும் நீண்டிருக்கும் நான்கு காதுகளை, லக் என்பார்களே அதை, அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. மேல் காது நுனியிலிருந்து கீழ்க் காது நுனி வரை எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் உங்கள் கைக்குத் தெரியும் நீளம். 1975இல் சீக்கோ வெளியிட்ட 600 மீட்டர் டைவிங் மணிக்கூடு நல்ல உதாரணம். மீன் டின் போல இருப்பதால் டூனா என்றே பெயர் விழுந்துவிட்டது. குறுக்களவு 50 மில்லிமீட்டருக்கும் மேல். ஆனால் காதுகள் உடம்புக்கு அடியிலேயே ஒளிந்துகொள்வதால் பார்க்கிற அளவுக்குக் கையில் பெரிதாக இருக்காது. காது நீண்ட 42 மில்லிமீட்டர் மணிக்கூடு அதைவிடத் தொந்தரவு தரும்.

காதளவு கையின் தட்டை அகலத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் நிம்மதி. இரண்டு மில்லிமீட்டர் கூடினால் சமாளிக்கலாம். அதற்கு மேலே போனால் இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு நேரே போய்விடுங்கள்.

மூன்றாவது தராசு. நகைக்கடையில் கேட்டால் நிறுத்துத் தருவார்கள், வேண்டாம் என்று சொன்னவரை நான் கண்டதில்லை. எட்டுக் கிராம் ஒரு பவுன் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குக் கைப்பாடம் என்பதால் நான் பவுனிலேயே சொல்வது வழக்கம். எஃகுப் பட்டியோடு வரும் நடுத்தர டைவிங் மணிக்கூடு 150 கிராம் அளவில் இருக்கும், கிட்டத்தட்ட 19 பவுன். ரோலெக்ஸ் டீப்சீ போன்றது 200 கிராமைத் தாண்டும், அதாவது 25 பவுனுக்கு மேல். மணப்பெண் 25 பவுனைக் கழுத்து, காது, கை என்று பகிர்ந்து போட்டுக்கொண்டு கலியாண வீட்டில் ஒருநாள் நிற்பாள். மருமகன் அவ்வளவையும் ஒரே மணிக்கட்டில் போட்டுக்கொண்டு உழவு இயந்திரம் ஓட்டப் பார்க்கிறான்.

ஏன் அவ்வளவு பாரம் என்று கேட்பார்கள். 2008இல் வந்த அந்த டீப்சீயின் குறுக்களவு 44 மில்லிமீட்டர்தான். ஆனால் 3,900 மீட்டர் ஆழத்து நீரழுத்தம் தாங்க வேண்டும் என்பதற்காகக் கண்ணாடியை மட்டுமே 5.5 மில்லிமீட்டர் தடிப்பில் போட்டிருக்கிறார்கள். இரணைமடு நிரம்பி வழியும்போது 36 அடி. மிச்சத் தடிப்பை எந்தக் குளத்தில் பயன்படுத்துவது என்று நீங்களே யோசியுங்கள்.

உலோகமும் ஒரு காரணம். எஃகு ஒரு கன சென்ரிமீட்டருக்கு எட்டுக் கிராம் வரும், டைட்டேனியம் நாலரை, 18 கரட் தங்கம் பதினைந்துக்கு மேல். ஒரே அச்சில் வார்த்தாலும் டைட்டேனியத்தில் பாதிக்குச் சற்று மேல், தங்கத்தில் கிட்டத்தட்ட இரட்டை. 2022இல் ரோலெக்ஸ் 11,000 மீட்டர் ஆழத்துக்கென்று 50 மில்லிமீட்டர் மணிக்கூடு ஒன்றை வெளியிட்டபோது அதை டைட்டேனியத்தில் செய்ததும் இதனால்தான். எஃகில் செய்திருந்தால் மனிதக் கையில் ஏற்றுவது பெரிய பாடு.

ஒரு பக்கக் கதை. “நல்ல பாரமாக இருக்கு, அப்ப அசல்தானே?” என்று கேட்கிறவர்கள் உண்டு. போலி செய்கிறவனுக்கும் எஃகு கிடைக்கும். பாரத்தை வைத்து அசலா போலியா என்று நான் சொல்வதில்லை. கையில் நோகிறதா என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

சரி, இனி நோய்க்குறிகள்.

“முகம் கவிழுது, எந்த நேரமும் திருப்பித் திருப்பி விட வேண்டியிருக்கு”

அதிகம் வருவது இந்தப் புகார்தான். பெரும்பாலும் திருத்தக்கூடியதும் இதுதான்.

முதலில் எந்தப் பக்கம் கவிழ்கிறது என்று பாருங்கள். இடது கையைப் பெருவிரல் மேலே வரும்படி பிடியுங்கள், தேத்தண்ணிக் கோப்பை பிடிப்பது போல. அநேகமாக முகம் சுண்டுவிரல் பக்கமாகச் சரிந்து கீழே போகும். தலை, அதாவது பட்டி நீங்கலான மணிக்கூட்டு உடம்பு, பாரம், பட்டி அதைப் பிடித்து வைக்கவில்லை என்று அர்த்தம். இதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். நான் பார்க்கிற ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

முதல் காரணம் பட்டி தளர்வு. சின்ன மணிக்கூடு வளையல் போல ஆடினால் பரவாயில்லை, பாரமானது ஆடவே கூடாது. பூட்டுக்கு அடியில் சுண்டுவிரல் நுனி மட்டும் நுழைய வேண்டும், விரல் முழுவதும் நுழைந்தால் தளர்வு. ஆட ஆட அது கையை அடிக்கும், பின்னேரம் எலும்பு நோகும், ஆள் “பாரம்” என்று சொல்வார். சும்மா இருக்கிற பாரத்தைக் கை பழகிக்கொள்ளும், ஆடுகிற பாரத்தைப் பழகாது. கச்சான் கடகத்தைத் தலையில் அசையாமல் வைத்துக்கொண்டு நடக்கிறவர்களைப் பார்த்தால் இது விளங்கும்.

இரண்டாவது காரணத்தை ஆட்கள் கண்டுபிடிப்பதே இல்லை. பூட்டு கையின் அடிப்பக்கத்தில் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். போன வருடம் ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தம்பி வந்தார். சுவிஸ் மாமா கொடுத்த எஃகு மணிக்கூடு. வேறு எங்கேயோ இரண்டு துண்டு கழற்றிக் குறைத்திருக்கிறார்கள். சுற்றளவு சரி, சுண்டுவிரல் நுனி அளவாக நுழைகிறது. ஆனாலும் கவிழ்கிறது. கையைத் திருப்பச் சொல்லிப் பார்த்தேன். பூட்டு நடுவில் இல்லை, ஓரத்து எலும்பின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கழற்றிய இரண்டு துண்டையும் பன்னிரண்டு மணிப் பக்கத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். பூட்டு எலும்பிலிருந்து நழுவி நடுவுக்கு வர முயல்கிறது, வரும்போது முகத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. நல்ல காலம், கழற்றிய துண்டுகளைப் பேப்பரில் சுற்றிப் பேர்ஸில் வைத்திருந்தார். ஒன்றை மேலே திருப்பிப் போட்டு, ஆறு மணிப் பக்கத்தில் ஒன்றைக் கழற்றினேன். மொத்த நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. கையைக் குலுக்கச் சொன்னேன். குலுக்கினார். முகம் அந்த இடத்திலேயே நின்றது. “என்ன அண்ணை செய்தனீங்கள்?” என்று மூன்று தடவை கேட்டார்.

பொதுவாக ஆறு மணிப் பக்கம் ஒரு துண்டு குறைவாக இருப்பதுதான் நம் கைகளுக்குப் பொருந்துகிறது. இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, துண்டு கழற்றினால் இறுக்கம், கழற்றாவிட்டால் தளர்வு என்கிற நிலை. பூட்டின் ஓரத்தில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருந்தால் ஊசியை ஒரு துளை நகர்த்துங்கள். பல பட்டிகளில் அரைத் துண்டும் உண்டு, முழுத்துண்டை எடுத்து அரையைப் போடலாம். ரோலெக்ஸின் சில டைவிங் பட்டிகளில் கருவி இல்லாமலே இரண்டிரண்டு மில்லிமீட்டராக 20 மில்லிமீட்டர் வரை நீட்டிக் குறைக்கலாம். 2012இல் வந்த டியூடர் பெலகோஸ் என்ற டைவிங் மணிக்கூடு பூட்டுக்குள் ஸ்பிரிங் வைத்திருக்கிறது, கை வீங்கினால் அதுவே கொடுக்கும். இரண்டு பக்கமும் வண்ணத்துப்பூச்சி போல விரியும் பூட்டில் பெரும்பாலும் இந்த வசதி ஒன்றுமே இருக்காது. பாரமான மணிக்கூட்டில் அந்தப் பூட்டைக் கண்டால் வாங்குமுன் இரண்டு தடவை யோசியுங்கள். பார்க்க வடிவுதான்.

நான்காவது, தலைக்கும் பட்டிக்கும் பொருத்தமில்லை. பாரமான தலையில் மெல்லிய துணிப் பட்டியைப் போட்டால் கவிழாமல் என்ன செய்யும்? எஃகுப் பட்டி தானும் பாரமாக இருந்து தலையைச் சமன் செய்கிறது. தராசை நினைத்துப் பாருங்கள். பாரத்தைக் குறைக்கப் பட்டி மாற்றுகிறவர்கள், மொத்தம் குறைந்தும் கரைச்சல் கூடியது ஏன் என்று தெரியாமல் திகைப்பார்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் தடித்த ரப்பர் பட்டி போடுங்கள். ரப்பர் தோலைப் பிடித்துக்கொள்ளும், நழுவாது. உடம்புக்கு அடியால் ஓடும் ஒற்றை நைலோன் பட்டி மணிக்கூட்டை இன்னும் உயர்த்திவிடும், பாரமானதற்கு அது வேண்டாம். தோல் பட்டி நம் வேர்வைக்கு ஒரு வருடம் தாங்கினால் பெரிய காரியம்.

பட்டி மாற்றுகிறபோது ஊசியில் மிச்சம் பிடிக்காதீர்கள். 200 கிராமையும் பிடித்து வைத்திருப்பது இரண்டு மெல்லிய ஸ்பிரிங் ஊசிகள்தான். என் லாச்சியில் துருப்பிடித்த ஊசி ஒரு போத்தல் நிறையக் கிடக்கிறது. சீக்கோ டைவிங் மணிக்கூடுகளில் 2.5 மில்லிமீட்டர் தடிப்பு ஊசி போடுகிறார்கள். உங்கள் மணிக்கூட்டுக் காதில் துளை இடம் கொடுத்தால் எவ்வளவு தடிப்பு போகுமோ அவ்வளவு போடுங்கள்.

வீட்டில் துண்டு கழற்றப் போகிறவர்களுக்கு ஒரு சொல். சில பட்டியில் திருகாணி, சிலதில் பின், சிலதில் பின்னோடு அரிசி அளவு குழாயும் இருக்கும். மேசையில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு செய்யுங்கள். அந்தக் குழாய் சீமெந்து நிலத்தில் விழுந்தால் நீங்கள் தேடுவீர்கள், கோழிதான் கண்டுபிடிக்கும்.

“மோட்டார் சைக்கிள் ஓடேக்கை புறங்கையிலை குத்துது”

மூன்று மணிப் பக்கத்தில் சாவி கொடுக்கும் திருகு இருக்கிறதே, அதன் வேலை இது. கை பின்னால் வளையும்போது புறங்கைத் தோல் எழும்பி அதில் முட்டும். கிளிநொச்சியிலிருந்து முறிகண்டிவரை ஓடிப் போய், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி உடைத்துத் தின்றுவிட்டுக் கையைப் பாருங்கள். திருகின் வடிவில் சிவந்த பள்ளம் இருந்தால் நோய் இதுதான். கடைக்குள் நின்று கட்டிப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது, அங்கே யாரும் கிளச்சுப் பிடிப்பதில்லை.

மருந்து சுலபம். மணிக்கூட்டை முழங்கைப் பக்கமாக ஒரு விரல் அகலம் ஏற்றிக் கட்டுங்கள். சுண்டுவிரல் பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பைத் தாண்டி மேலே இருக்க வேண்டும். ஏற்றிய இடத்தில் கை கொஞ்சம் பருமன் என்பதால் பட்டியை ஒரு துளை விட வேண்டிவரும். கீழே வழுக்கி வருகிறதென்றால் முதல் குறிக்குத் திரும்புங்கள்.

அதுவும் உதவாவிட்டால் வலது கைக்கு மாற்றுங்கள். திருகு முழங்கையைப் பார்த்துத் திரும்பிவிடும். இதை எனக்குக் கற்பித்தவர் புதுக்குடியிருப்புப் பக்கத்து ஐயா ஒருவர். இடது மணிக்கட்டில் பழைய செல் காயத் தழும்பு, அதன்மேல் எதுவும் பட விடமாட்டார். வலது கையில் பெரிய மணிக்கூடு கட்டிக்கொண்டு மண்வெட்டி பிடிக்கிறார், ஒரு குத்தலும் இல்லை. நம் பகுதியில் கையில் தழும்போடு இருக்கிறவர்கள் பலர். தழும்பின்மேல் மணிக்கூட்டின் முதுகுத் தட்டு உரசினால் “பழகிவிடும்” என்று விட வேண்டாம், கை மாற்றுவதே சரி.

திருகு பெரிதாக இருப்பதற்கும் கதை உண்டு. ஐடபிள்யூசி என்ற சுவிஸ் கம்பனியின் 46.2 மில்லிமீட்டர் பைலட் மணிக்கூட்டில் அது கூம்பு போலப் பெரிதாக இருப்பது, விமானிகள் கையுறையோடு திருகிய காலத்து வடிவத்தைத் தொடர்வதால். 2021இல் அதே மணிக்கூட்டை 43 மில்லிமீட்டரிலும் கொண்டுவந்தார்கள். பனராய் லூமினோரில் திருகைச் சுற்றிப் பாலம் போல ஒரு காப்பு இருக்கிறது, அது திருகோடு சேர்ந்து இன்னும் வெளியே நீளும். இந்த இரண்டு வகையையும் வாங்குமுன் கையைப் பின்னால் வளைத்துத் தண்டால் எடுப்பது போல மேசையில் ஊன்றிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

“காலமை சரி, பின்னேரம் இறுகுது”

இது என் பிழையாலும் நடந்திருக்கிறது. காலை எட்டரைக்குக் கடை திறந்த கையோடு ஒருவருக்கு அளவெடுத்து, சுண்டுவிரல் நுனி கணக்கில் கச்சிதமாகக் குறைத்துக் கொடுத்தேன். ஐந்து மணிக்குக் கையில் பட்டியின் அச்சுப் பதிந்து திரும்பி வந்தார். வெயிலிலும் வேலையிலும் கை வீங்கும். உப்புக் கருவாடும் சோறும் சாப்பிட்ட அன்று இன்னும் கொஞ்சம். அதிலிருந்து பாரமான மணிக்கூட்டுக்கு மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகுதான் அளவெடுக்கிறேன். காலையில் கொஞ்சம் தளர்வாக இருக்கும், அதைப் பூட்டுத் துளையால் சமாளிக்கலாம்.

வெளிநாட்டில் குளிர்காலத்தில் குறைத்த பட்டி இங்கே வந்ததும் இறுகுவதும் இதே கணக்குத்தான். கழற்றிய துண்டுகளை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. துண்டுகள் மணிக்கூட்டோடு பிரயாணம் செய்ய வேண்டும்.

“பெருவிரல் பக்கம் விறைக்குது”

உடனே கழற்றுங்கள். இதில் பழகிப்போகும் என்ற பேச்சே இல்லை. பெருவிரல் பக்கத்துப் புறங்கைக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு ஒன்று மணிக்கட்டில் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகிறது. இறுகிய பட்டி அதை நெரித்தால் பெருவிரல் அடியும் புறங்கையும் விறைக்கும், எரியும், எறும்பு ஊர்வது போல இருக்கும். 1932இல் வார்ட்டன்பர்க் என்ற நரம்பு மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார், இன்றும் அவர் பெயரால் சொல்கிறார்கள். கைவிலங்கு போட்டவர்களுக்கும் இது வருவதுண்டு.

முகம் கவிழாமல் இருக்கப் பட்டியை இறுக்கி இறுக்கிக் கட்டுகிறவர்களுக்குத்தான் அநேகமாக இப்படி வரும். கவிழ்வதை இறுக்கத்தால் திருத்தாதீர்கள், பூட்டின் இடத்தால் திருத்துங்கள். கழற்றிச் சில நாளில் விறைப்புப் போய்விட்டால் பட்டியைத் தளர்த்தி மறுபடி முயலலாம். போகாவிட்டால் ஆஸ்பத்திரி. என் மேசை அதற்கு இடமில்லை.

“அரிக்குது, தோல் சிவக்குது”

எஃகில் நிக்கல் இருக்கிறது என்று வாசித்துவிட்டுப் பயந்து வருகிறார்கள். இருக்கிறதுதான், பொதுவாக மணிக்கூட்டுக்கு வரும் 316எல் எஃகில் நூற்றுக்குப் பத்து முதல் பதினாலு வரை. ரோலெக்ஸ் பயன்படுத்தும் 904எல் எஃகில் அதைவிடக் கூட. ஆனால் அது எஃகுக்குள் இறுகக் கட்டுப்பட்டிருப்பதால் தோலுக்கு வருவது மிகக் குறைவு. அதற்கும் எதிர்ப்புக் காட்டும் தோல் சிலருக்கு உண்டு. மற்றவர்களுக்கு அரிப்பு வருவது, அகலமான முதுகுத் தட்டுக்கு அடியில் வேர்வையும் சவர்க்காரமும் தேங்கிப் புழுங்குவதால். மணிக்கூடு பெரிதானால் காற்றுப் படாத இடமும் பெரிதாகும்.

கிணற்றடியில் மணிக்கூட்டோடு குளிக்கிற பழக்கத்தை விடுங்கள். நம் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினம், காய்ந்தால் துண்டுகளுக்கு நடுவில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடிக்கும், அதுவும் உரசும். கிழமைக்கு ஒருக்கால் திருகு இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய பல் துலக்கும் தூரிகையும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் ஒரு துளி சவர்க்காரமுமாகப் பட்டியைத் தேய்த்துத் துணியால் ஒற்றுங்கள். முதல் தடவை வரும் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தால் அரிப்புக்குக் காரணம் கேட்கவே மாட்டீர்கள். பத்து நாள் சுத்தமாகக் கட்டியும் முதுகுத் தட்டின் வட்ட வடிவிலேயே சிவந்தால் நிக்கலைச் சந்தேகிக்கலாம். அப்படியானவர்களுக்கு டைட்டேனியம், அல்லது உலோகம் தோலில் படாத ரப்பர் பட்டி.

“முடி பிடுங்குது”, “கதவு நிலையிலை இடிக்குது”

முடி பிடுங்கினால் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது, அல்லது ஒரு பின் வெளியே எட்டிப் பார்க்கிறது. பின்னை உள்ளே தள்ளினால் சரி. பழைய பட்டி தேய்ந்து இடைவெளி விழுந்தது என்றால் பட்டிதான் மாற்ற வேண்டும்.

நிலையில் இடிப்பது தடிப்பால். 13 மில்லிமீட்டருக்கு மேலே போனால் நீளக்கை சட்டையின் பொத்தானும் பூட்டாது. இடிப்பது மட்டும் இரண்டு மூன்று கிழமையில் குறையும், கை தன் புதிய அகலத்தைப் படித்துக்கொள்ளும்.

“நீங்கள் சொன்னதெல்லாம் செய்தாச்சு, ஆனாலும் பாரம்”

இப்போதுதான் பாரத்தைப் பாரம் என்று ஒத்துக்கொள்கிறேன். பட்டி அளவு சரி, பூட்டு நடுவில், முகம் ஆடவில்லை, குத்தலில்லை. அப்படியும் கை சோர்ந்தால் ஒரு கிழமை இப்படிச் செய்து பாருங்கள். முதல் நாள் இரண்டு மணி நேரம், அடுத்த நாள் நான்கு, இப்படிக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆறாம் ஏழாம் நாளில் கட்டியிருப்பதையே மறந்து, மணி பார்க்கக் கைத்தொலைபேசியைத் தேடினால் நீங்கள் தேறிவிட்டீர்கள். ஏழாம் நாளும் வீட்டுக்குள் கால் வைத்ததும் முதல் வேலையாகப் பூட்டைத் திறக்கிறீர்கள் என்றால் கை தன் பதிலைச் சொல்லிவிட்டது. நான் மற்ற எல்லாச் சோதனையையும்விட இதைத்தான் நம்புவேன்.

இன்னும் வாங்காதவர்கள் காசு கொடுக்குமுன் இதை ஒத்திகை பார்க்கலாம். 200 கிராம் சீனியை அரைப் பகுதியாகப் பிரித்து, இரண்டு சின்னப் பையில் கட்டி, ஒன்றைக் கையின் மேலும் மற்றதைக் கீழும் வைத்துத் துணியால் சுற்றி, ஒரு நாள் வீட்டு வேலை செய்யுங்கள். வீட்டில் சிரிப்பார்கள். பல இலட்சம் ரூபாய்க்கு முன்னால் அந்தச் சிரிப்பு மலிவு.

“காது வெளியிலை நிக்குது”

கையை நேரே மேலிருந்து பாருங்கள். காதுகளின் நுனி கையின் ஓரத்தைத் தாண்டி நிற்கிறதா? பட்டி காதிலிருந்து நேரே கீழே விழாமல் குடைக் கூரை போல வெளியே சரிந்து இறங்குகிறதா? காதுக்கும் தோலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா? கண்ணாடி முன்னால் நின்று தூரத்திலும் பாருங்கள், கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தால் எல்லாக் கையும் சின்னதாகத்தான் தெரியும்.

வெளியே நிற்கிறது என்றால் துண்டு கழற்றியும் பயனில்லை, பட்டி மாற்றியும் பயனில்லை. காதை அராவிக் குறைத்துத் தரச் சொல்லி ஒருவர் கேட்டார், அரத்தைத் தொட மறுத்துவிட்டேன். மணிக்கூட்டைத் தாங்குவது கையின் தட்டைப் பரப்பு. அந்தப் பரப்பு முடிந்த பிறகும் இரும்பு நீண்டுகொண்டே போனால் அது இரண்டு ஓரத்திலும் ஊஞ்சலாடும், ஊஞ்சலை நிறுத்த இறுக்குவீர்கள், இறுக்கினால் விறைக்கும்.

கட்டுரையின் தொடக்கத்தில் “விற்கவும் ஏலாது” என்றவருக்கு இந்த வகைதான். தட்டை அகலம் 46 மில்லிமீட்டர், காதளவு 54. அடிமட்டத்தை அவர் கையிலேயே கொடுத்து இரண்டையும் அளக்கச் சொன்னேன். அளந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “என்ர அண்ணைக்குக் கை மொத்தம்” என்றார். “எங்கே இருக்கிறார்?” “மாங்குளம்.” பட்டியில் நான் ஒன்றும் தொடவில்லை, காசும் வாங்கவில்லை. வரும் ஆவணியில் மாமா வரும்போது மட்டும் ஒரு நாளைக்குத் தன் அண்ணையிடம் கேட்டு வாங்கிக் கையில் கட்டிக்கொள்வதாகத் திட்டம்.